கடலூரிலிருந்து திரைக்கு: நடிக்க விரும்பும் பெண்ணும் அவள் வீட்டாரும் முதலில் செய்ய வேண்டியவை

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளிவரும் நாட்களில், கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கமிருந்து தாய்மார்கள் தங்கள் மகள்களை அழைத்துக்கொண்டு புதுச்சேரியில் நான் நடிப்புப் பயிற்சி அளிக்கும் வீட்டுக்கு வருவது வழக்கம். உட்கார்ந்ததும் அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "சினிமாவுக்கு யாரைப் பார்க்கணும் டீச்சர்?" முதல் இரண்டு ஆண்டுகளுக்கு யாரையும் பார்க்க வேண்டாம் என்றே நான் பதில் சொல்கிறேன். அந்த இரண்டு ஆண்டுகளில் சொந்த ஊரில் இருந்துகொண்டே என்ன செய்யலாம், அதன் பிறகு சென்னைக்கு எப்படிப் போகலாம் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டுப்புத்தகம் வாங்குங்கள். உங்களுக்குப் பிடித்த மூன்று நடிகைகளின் வாழ்க்கையை, புகழ் வந்த ஆண்டிலிருந்து பின்னோக்கி, ஆண்டுக்கு ஒரு வரியாக அதில் எழுதுங்கள். ஐஸ்வர்யா ராஜேஷை எடுத்துக்கொண்டால், இரண்டு சிறுவர்களின் தாயாக அவர் நடித்த 'காக்கா முட்டை' திரைக்கு வந்தது 2015இல். அந்த வேடத்துக்காகத்தான் 2014ஆம் ஆண்டுக்கான தமிழக அரசின் சிறந்த நடிகை விருது அவருக்குக் கிடைத்தது. அதற்கு முன் சின்னச் சின்ன வேடங்கள், அதற்கும் முன் தொலைக்காட்சித் தொகுப்பாளர் வேலை, நடனப் போட்டி மேடை என்று பல வரிகள் இருக்கின்றன. தந்தையை இழந்த குடும்பத்தைத் தாய் எல்ஐசி முகவராக வேலை பார்த்துக் காப்பாற்றியதையும், படிக்கும் வயதிலேயே சூப்பர் மார்க்கெட்டில் நின்று பொருள் விற்றுத் தாம் சம்பாதித்ததையும் அவரே மேடையில் சொல்லியிருக்கிறார். கோத்தகிரியில் பிறந்த சாய் பல்லவி 2008இல் தொலைக்காட்சி நடனப் போட்டியில் ஆடினார். பிறகு ஜார்ஜியா நாட்டுக்கு மருத்துவம் படிக்கப் போனார். படிப்பு முடிவதற்குள்ளேயே 2015இல் 'பிரேமம்' என்ற மலையாளப் படத்தின் மலர் டீச்சராகப் பெயர் பெற்றார். 1984இல் புதுச்சேரியில் பிறந்த கல்கி கோச்லின், லண்டனில் நாடகம் படித்துவிட்டு 2009இல் இந்தித் திரைக்கு வந்தார். இந்த மூவரின் பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முதல் படத்துக்கு முந்தைய ஐந்தாறு ஆண்டுகளில் ஆட்டமோ, நாடகமோ, கேமராவுக்கு முன்னால் பேசிய பழக்கமோ ஏதோ ஒன்று ஒவ்வொருவரின் உடலிலும் ஊறியிருப்பது தெரியும். உங்கள் பக்கத்தில் அந்த ஆண்டுகளை எதைக் கொண்டு நிரப்பப் போகிறீர்கள் என்பதைத்தான் இப்போது முடிவு செய்ய வேண்டும்.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பெண்ணுக்குக் குரல் ஒரு பெரிய சொத்து. தமிழ்ப் படங்களில் பல கதாநாயகிகளுக்கு வேறொருவர் டப்பிங் பேசுவது நெடுநாள் வழக்கம் என்பதால், தன் வேடத்துக்குத் தானே தெளிவாகப் பேசக்கூடிய பெண்ணை இயக்குநர்கள் மறக்க மாட்டார்கள். நாள்தோறும் அரை மணி நேரம் செய்தித்தாளையோ சிறுகதையையோ வாய்விட்டுப் படித்து, போனில் பதிவு செய்து கேளுங்கள். ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். நம் பக்கத்தில் "பழம்" என்பது "பளம்" ஆகிவிடுவதைப் பிள்ளைகள் தாங்களாகக் கவனிப்பதே இல்லை. அதற்காக ஊர்ப் பேச்சைக் கழற்றி எறிந்துவிட வேண்டாம். துறைமுகத்துப் பேச்சு, பண்ருட்டிப் பலாச் சந்தைப் பேச்சு, புதுச்சேரிப் பேச்சு மூன்றையும் பேசத் தெரிந்தவளுக்கு அதுவே மூன்று வேடங்கள்.

பயிற்சிக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத்தை முதுகலைப் பாடமாகவே படிக்கலாம். எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி முன்னின்று உருவாக்கிய அங்குள்ள நாடகப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர் சூட்டப்பட்டது. தமிழ் நாடக உலகின் தலைமை ஆசிரியராகப் போற்றப்படும் சுவாமிகள் 1922இல் மறைந்ததும் இதே புதுச்சேரியில்தான். கருவடிக்குப்பத்தில் இருக்கும் அவருடைய நினைவிடத்துக்குப் புதிய மாணவிகளை நான் தவறாமல் அழைத்துச் செல்கிறேன். ஆரோவில் அருகே வீணாபாணி சாவ்லா நிறுவிய ஆதிசக்தி நாடகக் குழு, மூச்சையும் தாளத்தையும் உடலையும் இணைத்துப் பயிற்சி முகாம்கள் நடத்துகிறது. பரதம் கற்றவர்களுக்குச் சிதம்பரத்தில் சிவராத்திரியை ஒட்டி 1981 முதல் நடந்துவரும் நாட்டியாஞ்சலி இருக்கிறது. செலவு செய்ய முடியாத வீட்டுப் பெண்ணாக இருந்தால், ஊர்த் திருவிழாவில் தெருக்கூத்து நடக்கும் இரவில் முன்வரிசையில் விடியும் வரை உட்காருங்கள். ஒலிபெருக்கி பழுதானாலும் கடைசி ஆள் காதுக்கு எட்டும்படி பாடுகிறவரின் வயிறு எப்படி அசைகிறது என்று பார்த்தாலே மூச்சுப் பயிற்சியில் பாதி விளங்கிவிடும்.

கேமரா நடிப்பில் புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் கைகளால்தான். கடலூர் ஓ.டி.யிலிருந்து (பழைய நகரிலிருந்து) வந்த ஒரு மாணவிக்கு, அண்ணனிடம் சண்டை போடும் காட்சி ஒன்றைக் கொடுத்திருந்தேன். வசனத்தை மனப்பாடமாகச் சொன்னாள். ஆனால் இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் துப்பட்டாவின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். நான்கு முறை எடுத்தும் சரியாக வரவில்லை. மறுநாள் அரைக் கிலோ கிழங்கா மீனும் ஓர் அரிவாள்மனையும் வாங்கி வைத்து, கழுவிக்கொண்டே பேசச் சொன்னேன். வீட்டில் தினமும் செய்கிற வேலை என்பதால் அவள் மீனைப் பார்க்கவே இல்லை. செதில் சீவிய கை "நீ போ, போய் உன் வேலையப் பாரு" என்ற இடத்தில் மட்டும் ஒரு கணம் நின்றுவிட்டு மறுபடியும் ஓடத் தொடங்கியது. அந்த ஒரு கணத்தில்தான் காட்சி பிறந்தது. ஆகவே மாவு பிசைவது, பூக் கட்டுவது, சைக்கிள் செயின் மாட்டுவது என்று உங்கள் கைக்குப் பழகிய பத்து வேலைகளை எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றையும் செய்தபடியே ஒரு வசனத்தைப் பேசிப் பழகுங்கள்.

இப்படி ஓராண்டு பழகிய பிறகு படங்கள் எடுக்கலாம். ஸ்டூடியோவில் ஆல்பம் போடுவதற்குப் பெரும் பணம் கொடுக்க வேண்டாம். மேக்கப்பும் ஃபில்டரும் இல்லாமல், முகம் நேராக ஒன்று, இரு பக்கவாட்டிலும் ஒவ்வொன்று, இடுப்பு வரை ஒன்று, முழு உருவம் ஒன்று என ஐந்து படங்கள் போதும். ஆடிஷன் வீடியோவை வீட்டிலேயே எடுங்கள். ஜன்னலுக்கு எதிரே நில்லுங்கள். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகில் விழக் கூடாது. பின்னால் வெறும் சுவர் இருக்கட்டும். போனைப் படுக்கைவாட்டில், கண் மட்டத்தில் நிறுத்துங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், மீன்காரர் குரலும் பேருந்து ஹாரனும் குறைவாக இருக்கும் நேரம் உங்கள் தெருவில் எது என்று முன்கூட்டியே கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். எதிர் வசனத்தை அம்மாவோ தங்கையோ போனை ஒட்டி நின்று தணிந்த குரலில் படிக்கலாம். முதலில் பெயர், வயது, உயரம், பேசத் தெரிந்த மொழிகள், அடுத்து காட்சி. உயரத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள், நேரில் போனதும் தெரிந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் குறும்படங்களில் நடிப்பது நல்லது. குறும்படம் எடுக்கும் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்கள் கடலூர், புதுச்சேரி இரண்டு ஊர்களிலும் இருக்கிறார்கள். சம்பளம் இல்லாவிட்டாலும், முழுக் கதையை முன்கூட்டியே படிக்கத் தருகிறார்களா, படப்பிடிப்பில் இன்னொரு பெண்ணாவது இருக்கிறாரா, முடித்த படத்தின் பிரதியைக் கொடுப்பார்களா என்ற மூன்றையும் கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

பணத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நடிப்பது வேலை, வேலைக்குக் கூலி வாங்குவார்கள், கொடுக்க மாட்டார்கள். பதிவுக் கட்டணம், சங்க அட்டை, டெஸ்ட் ஷூட் செலவு என்று எந்தப் பெயரில் ஒருவர் பணம் கேட்டாலும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். என் மாணவி ஒருத்தியின் தந்தை, இரண்டாவது கதாநாயகி வேடம் என்ற வாக்குறுதியை நம்பி நகையை அடகு வைத்துப் பணம் கட்டினார். ஒரு வாரத்தில் அந்த எண் அணைக்கப்பட்டுவிட்டது. வெட்கத்தால் அவர் ஆறு மாதம் யாரிடமும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஆன்லைனில் பணம் போயிருந்தால் அன்றே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். விரைந்து சொன்னால்தான் அந்தப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்புண்டு.

பெண் பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால், அவள் போடும் ஒப்பந்தக் கையெழுத்து சட்டப்படி செல்லாது. பெற்றோர் முழு ஒப்பந்தத்தையும் படித்தாக வேண்டும். பதினான்கு வயது நிரம்பாத குழந்தை நட்சத்திரம் என்றால், மாவட்ட ஆட்சியரின் அனுமதியைத் தயாரிப்பாளர் பெற வேண்டும், நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடைவெளியில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும் என்று விதிகள் இருக்கின்றன. இவற்றைக் கேட்டால் வாய்ப்பு போய்விடும் என்று பயப்படாதீர்கள். கேட்டதற்காக வாய்ப்பு போகிறதென்றால் அந்த இடம் பிள்ளைக்கு ஏற்றதல்ல.

வயது வந்த பெண்ணுக்கும் பாதுகாப்பு விதிகள் உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். படப்பிடிப்புத் தளமும் பணியிடம்தான். நிறுவனத்தில் குழு இல்லையென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். நிகழ்ந்த மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. இரண்டையும் போனில் சேமித்த பிறகே பெண்ணை அனுப்புங்கள்.

சென்னையிலிருந்து அழைப்பு வந்தால், புதுச்சேரியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர், கடலூரிலிருந்து இன்னும் கொஞ்சம் கூடுதல். விடியற்காலைப் பேருந்தில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம். அலுவலகத்தில் பகல் நேரத்தில் நடக்கும் ஆடிஷனுக்கு மட்டும், வீட்டு ஆள் ஒருவருடன் போங்கள். ஹோட்டல் அறைக்கு அழைத்தால் போக வேண்டாம். கல்லூரிப் படிப்பை நிறுத்த வேண்டாம். திரும்பும் வழியில், பேருந்திலேயே அந்த நோட்டுப்புத்தகத்தை எடுத்து, தேதி, வேடம், எந்த வரியை மறுபடி சொல்லச் சொன்னார்கள், என்ன உடை போட்டிருந்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை அழைக்கும்போது அதே உடையில் போங்கள். நூறு முகங்களைப் பார்த்தவருக்கு உங்கள் முகத்தை நினைவுபடுத்துவது பல நேரம் அந்த உடைதான்.