மதுரையிலிருந்து சென்னைக்கு: கடைசி 30 கிலோமீட்டரை முதலில் யோசியுங்கள்

அம்மாவின் சிகிச்சைக்காக நான்கு வருடமாகச் சென்னைக்குப் போய் வருகிறேன். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை, காலை 9 மணிக்கு நுங்கம்பாக்கம் பக்கம் இருக்கும் மருத்துவமனையில் இருக்க வேண்டும். ரயில், அரசுப் பேருந்து, ஆம்னி பஸ், விமானம், சொந்தக்காரர் கார் என்று எல்லாவற்றிலும் போய்ப் பார்த்துவிட்டோம். புதிதாகப் போகிறவர்கள் "எதில் போனால் சீக்கிரம் போகலாம்?" என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். சென்னையில் எந்த இடத்துக்கு, எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்பேன். அது தெரியாமல் டிக்கெட் போடக் கூடாது என்பதை ஒரு விடிகாலையில் கற்றுக்கொண்டேன்.

2024 தொடக்கத்தில் நடந்தது. ரயில் கிடைக்காமல் ஒரு தனியார் பேருந்தில் போனோம். டிக்கெட்டில் நகரத்துக்குள் இருக்கும் கோயம்பேடு என்று போட்டிருந்தார்கள். நாலேகால் மணிக்கு எழுப்பி, கிளாம்பாக்கத்தில் இறங்கச் சொல்லிவிட்டார்கள். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டு, தென் மாவட்டப் பேருந்துகள் அங்கே மாறிக்கொண்டிருந்த நேரம் அது. பையைத் தூக்கிக்கொண்டு மாநகரப் பேருந்து நிற்கும் பக்கம் நடந்தபோது அம்மா கேட்டார்: "மெட்ராஸ் வந்துருச்சுன்னுதான இறங்கச் சொன்ன, இன்னும் எம்புட்டுத் தூரம்டி?" நகரத்தின் நடுப்பகுதிக்கு அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இரவெல்லாம் உட்கார்ந்து வந்த அம்மாவுக்கு அந்த 30 கிலோமீட்டர்தான் அன்று பெரிய பயணமாகத் தெரிந்தது.

அதனால் முதலில் இறங்கும் இடத்தை முடிவு செய்யுங்கள். மதுரை ரயில்களில் பெரும்பாலானவை போய் நிற்பது எழும்பூரில். சென்ட்ரலில் அல்ல. அழைத்துப்போக வருகிறவர்களிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எழும்பூருக்கு முன்னால் தாம்பரத்தில் ரயில் நிற்கும். சில ரயில்கள் மாம்பலத்திலும் நிற்கும். தாம்பரம், குரோம்பேட்டை, வேளச்சேரி பக்கம் போகிறவர்கள் தாம்பரத்திலேயே இறங்கிவிடலாம். தி. நகர் என்றால் மாம்பலம். எழும்பூர் வரை போய்விட்டுத் திரும்பி வருவது வீண். எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால், சில ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்திவிடுவதும் உண்டு. கிளம்புவதற்கு முந்தின நாள் ரயில் எதுவரை போகிறது என்று பார்த்துவிடுங்கள்.

எங்களுக்கு ஒத்துவருவது பாண்டியன் எக்ஸ்பிரஸ். இரவு மதுரையில் ஏறினால் விடியும் நேரத்தில் எழும்பூர். அங்கிருந்து நுங்கம்பாக்கம் புறநகர் ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன். இந்த ரயிலை நான் முதலில் தேடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இது மதுரையிலேயே புறப்படுகிற ரயில். நெல்லை, முத்துநகர், கன்னியாகுமரி, அனந்தபுரி எல்லாம் தெற்கே வேறு ஊர்களில் புறப்பட்டு மதுரை வழியாக வருபவை. காத்திருப்புப் பட்டியலில் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் பக்கத்தில் ஒரு குறியீடு வரும். ஜிஎன்டபிள்யூஎல் என்று வந்தால், வண்டி கிளம்பும் ஊர்ப் பக்கத்துப் பொதுப் பட்டியல். அது நகர்வதற்கு வாய்ப்பு அதிகம். ஆர்எல்டபிள்யூஎல், பிக்யூடபிள்யூஎல் என்று வந்தால், இடையில் உள்ள ஊர்களுக்கான சின்ன ஒதுக்கீடு. எண் 10 என்று இருந்தாலும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. மதுரைக்காரர்களுக்குப் பாண்டியனில் 30 என்ற எண், வழியில் வரும் ரயிலின் 10-ஐ விட நல்லதாக இருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, பயண நாள் அதில் சேராது. 2024 நவம்பருக்கு முன்னால் 120 நாள் இருந்தது. காலை 8 மணிக்குத் திறக்கும். மருத்துவர் அடுத்த தேதி சொன்னதும், மருத்துவமனை வராந்தாவிலேயே காலண்டரில் 60 நாள் பின்னால் எண்ணிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஆறு வாரம் என்பது 42 நாள்தான், ஆகையால் எங்களுக்கு முன்பதிவு ஏற்கெனவே திறந்திருக்கும். அன்றைக்கே போக, வர இரண்டு டிக்கெட்டும் போட்டுவிடுவேன். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பை இப்போதே முடித்து வையுங்கள். அது இல்லாமல் இணையத்தில் தட்கல் எடுக்க முடியாது. சாதாரண முன்பதிவிலும் திறக்கிற நேரத்தில் ஆதார் சரிபார்த்த கணக்குக்குத்தான் வழி விடுகிறது.

வயதானவர்களோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியது கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு. டிக்கெட் போடும்போது பொது, பெண்கள், தட்கல் என்று வரும் பட்டியலில் மூத்த குடிமக்கள் கீழ்ப் படுக்கை என்றும் ஒன்று இருக்கும். ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45 வயது இருந்தால் போதும். தனியாகவோ, தகுதியுள்ள இரண்டு பேராகவோ போட வேண்டும். எனக்கு 45 ஆகும் வரை அம்மாவோடு சேர்த்து இதில் போட முடியவில்லை. பொது ஒதுக்கீட்டில் போட்டு, நடு படுக்கை கிடைத்து, எதிரே இருப்பவரிடம் கெஞ்சி மாற்றிக்கொள்வோம். பெரும்பாலும் மாற்றிக்கொடுப்பார்கள். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அம்மா வண்டி கிளம்பும் வரை பதற்றமாகவே உட்கார்ந்திருப்பார். இப்போது இருவருமே இந்த ஒதுக்கீட்டில் வருகிறோம்.

தட்கல் பயணத்துக்கு முந்தின நாள் ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, படுக்கை வகுப்புக்கு 11 மணி. உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. இணையத்தில் எடுத்த டிக்கெட் கடைசிப் பட்டியல் வந்த பிறகும் காத்திருப்பிலேயே இருந்தால் அது தானாக ரத்தாகிவிடும், அதை வைத்துக்கொண்டு ஏறக் கூடாது. ஆர்ஏசி வேறு: அதில் ஏறலாம், ஆனால் பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையை இரண்டு பேர் பங்கிட்டு உட்கார வேண்டும். உடம்பு முடியாதவர்களை அப்படி அழைத்துப்போக வேண்டாம்.

பகல் ரயில்கள் வேறு தேவைக்கு. காலையில் புறப்படும் வைகை, 1977-லிருந்து ஓடுகிற வண்டி, ஏழரை மணி நேரம் போல ஆகும். பிற்பகல் தேஜஸ், அதைவிட ஒரு மணி நேரம் குறைவு. திருநெல்வேலி, நாகர்கோவிலிலிருந்து மதுரை வழியாக வரும் வந்தே பாரத் சுமார் 6 மணி நேரத்தில் கொண்டுவிடும், கட்டணம் அதிகம். காலை 9 மணி வேலைக்கு இவை மூன்றும் உதவாது. முந்தின நாளே போய்த் தங்குகிறவர்களுக்கு, மறுநாள் நேர்காணல், தேர்வு இருப்பவர்களுக்கு அருமையானவை. இரவுப் பாண்டியனில் படுக்கை வகுப்பு 300 ரூபாய்ச் சொச்சம்தான். தங்கும் செலவும் மிச்சம்.

பேருந்தை நான் ஒதுக்கவில்லை. ரயில் கிடைக்காத நாளில், பண்டிகை நேரத்தில், அதுதான் கை கொடுக்கிறது. மாட்டுத்தாவணியிலிருந்து அரசு விரைவுப் பேருந்துகள் நாள் முழுவதும் கிளம்புகின்றன, ஆம்னி பஸ்களுக்கான நிலையமும் பக்கத்திலேயே. ஆரப்பாளையம் போய் நிற்காதீர்கள், அது திண்டுக்கல், தேனி, கோவை பக்கத்துக்கு. சாலை வழியாக ஏறக்குறைய 460 கிலோமீட்டர், 8 முதல் 9 மணி நேரம். தீபாவளி, பொங்கல் சமயத்தில் ஆம்னி பஸ் கட்டணம் எகிறும்போது அரசுப் பேருந்து அதே கட்டணத்தில் போகும், சிறப்புப் பேருந்துகளும் விடுவார்கள். படுக்கைப் பேருந்து என்றால் கீழ்ப் படுக்கை, அதுவும் நடுப்பகுதி எடுங்கள். பின் சக்கரத்துக்கு மேலே படுத்தால் திருச்சி தாண்டுவதற்குள் இடுப்பு போய்விடும். எங்கே நிறுத்துவார்கள், கழிப்பறை எப்படி இருக்கும் என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேளுங்கள். பெண்களும் சர்க்கரை நோய் உள்ளவர்களும் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி இது.

கிளாம்பாக்கத்தில் இறங்கியதும் ஆட்டோக்காரர் சொல்வதற்குத் தலையாட்டாதீர்கள். மாநகரப் பேருந்தில் தாம்பரம் போய், அங்கிருந்து சென்னை கடற்கரை நிலையத்துக்குப் போகும் புறநகர் ரயிலைப் பிடியுங்கள். கிண்டி, மாம்பலம், நுங்கம்பாக்கம், எழும்பூர் எல்லாம் ஒரே பாதையில் வரும். டிக்கெட் 10 ரூபாய். ரயில்ஒன் செயலியில் எடுத்தால் வரிசையில் நிற்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்கள் குறைவாக ஓடும், அன்று கொஞ்சம் நேரம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கு மேல் பெட்டியோடு அந்த ரயிலில் ஏறுவது கஷ்டம்.

விமானம் பற்றிச் சுருக்கமாக. பறக்கும் நேரம் ஒன்றேகால் மணிதான். அவனியாபுரம் பக்கம் போய், ஒன்றரை மணி நேரம் முன்னால் நின்று, இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர எப்படியும் நாலு மணி நேரம். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து பூப்போலத் தாங்க வேண்டியிருந்த அந்த ஒரு மாதம் விமானத்தில்தான் போனோம், அந்தச் செலவுக்கு வருத்தமே இல்லை. டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். மீனம்பாக்கத்தில் இறங்கினால் விமான நிலையத்திலேயே மெட்ரோ. எழும்பூருக்கு ஆலந்தூரில் பச்சைப் பாதைக்கு மாற வேண்டும். சாலையைத் தாண்டினால் திரிசூலம் புறநகர் ரயில் நிலையமும் இருக்கிறது.

கார் நாலு பேராகப் போனால் மட்டும். ஞாயிறு மாலை போகாதீர்கள், செங்கல்பட்டுக்குப் பிறகு வண்டி நகராது. அடிக்கடி போகிற சொந்தக் காருக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆண்டு ஃபாஸ்டேக் பாஸ் (தொடங்கியபோது 3,000 ரூபாய்) வந்திருக்கிறது, தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஒரு வருடம் அல்லது 200 தடவை.

திரும்பும்போதும் அந்த 30 கிலோமீட்டர் இருக்கிறது. இரவு கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏற வேண்டுமானால், நகரத்துக்குள்ளிருந்து இரண்டு மணி நேரம் முன்னால் புறப்படுங்கள். மாலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை தாம்பரம், கிளாம்பாக்கம் வழியாகப் போகும் ஜிஎஸ்டி சாலையை நம்ப முடியாது, தாம்பரம் வரை ரயிலில் போய்விடுங்கள். அதனால்தான் நாங்கள் திரும்புவதும் பாண்டியனில். மருத்துவமனை வேலை சாயங்காலம் முடிந்தால் எழும்பூருக்கு இரண்டே ஸ்டேஷன், காத்திருப்பு அறையில் அம்மா காலை நீட்டிக்கொள்வார், இரவு ஒன்பது மணிக்கு மேல் வண்டி நடைமேடைக்கு வரும்.