வரவேற்பு மாலையில் நேரமும் பாட்டும்: எங்கே தவறுகிறோம்

பதினைந்து வருடங்களாகத் திருமண வரவேற்புகளில் கீபோர்டு வாசிக்கிறேன். மணமேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு மண்டபம் முழுக்கத் தெரியும். எந்தப் பெரியவர் எவ்வளவு நேரம் வரிசையில் நின்றார், எந்தக் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழுதது, எல்லாமே கண்ணில் படும். பார்த்த வரையில் குளறுபடிகள் தொடங்கும் இடம் ஒன்றுதான். நேரத்தை ஒருவர் முடிவு செய்கிறார், பாட்டுக்கு வேறொருவர் அட்வான்ஸ் கொடுக்கிறார், பந்தியை இன்னொருவர் கவனிக்கிறார். மூவரும் ஒருமுறைகூடச் சேர்ந்து உட்கார்ந்து பேசுவதில்லை.

முதல் தவறு, மாலை நிகழ்ச்சியை மாலையிலிருந்து திட்டமிடுவது. தமிழ்நாட்டில் பல குடும்பங்களில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள்தான் வரவேற்பு. முகூர்த்தம் காலை 4.30 முதல் 6 வரை என்றால், மணப்பெண் இரண்டரை மணிக்கே எழுந்து அலங்காரத்துக்கு உட்கார வேண்டும். அதனால் கணக்கை அங்கிருந்து பின்னோக்கிப் போடுங்கள். பத்தரைக்காவது படுக்க வேண்டும், பத்து மணிக்குள் மணமக்கள் சாப்பிட்டிருக்க வேண்டும், ஒன்பதரைக்கு வரிசை முடிய வேண்டும். அப்படியென்றால் ஆறரைக்கு அவர்கள் மேடையில் நிற்க வேண்டும், மூன்று மணிக்கே பெண்ணுக்கு அலங்காரம் தொடங்கியிருக்க வேண்டும். நிச்சயதார்த்தத்தையும் அதே மாலையில் வைத்திருந்தால் எல்லாம் இன்னும் முன்னே போகும். புடவை மாற்றித் தலை அலங்காரத்தையும் மாற்ற ஒரு மணி நேரமாவது பிடிக்கும். அதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அழைப்பிதழில் 6.30 என்று அச்சடித்துவிட்டு எட்டு மணிக்கு மேடை ஏறினால் என்ன ஆகும் என்று ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 600 பேர் வருகிறார்கள். குடும்பத்துக்கு நான்கு பேர் என்றால் 150 குழுக்கள். மேடை ஏறி, வாழ்த்திவிட்டு, போட்டோவுக்கு நின்று இறங்க ஒரு குழுவுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பது மணிக்கு முடியும். எட்டுக்குத் தொடங்கினால் பத்தரை ஆகும், அதுவும் இடையில் யாரும் தாமதப்படுத்தாமல் இருந்தால்தான். கைப்பிள்ளையோடு வந்தவர்களும், கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களும் மணமக்களைப் பார்க்காமலே மொய்க் கவரை யாரிடமாவது கொடுத்துவிட்டுக் கிளம்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அவர்கள் வந்ததே அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

சொந்தக்காரர்களின் குரூப் போட்டோக்களை வரிசைக்கு நடுவில் எடுக்காதீர்கள். அத்தை வீடு, சித்தப்பா வீடு என்று ஆள் தேடுவதிலேயே இருபது நிமிடம் போய்விடும். ஆறு மணிக்கே வந்துவிடச் சொல்லி முதலில் எடுத்துக்கொள்ளலாம், அல்லது வரிசை முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம். முழங்கால் வலியோடு வந்திருக்கும் பெரியவர்களை முன்வரிசையில் உட்கார வைத்து, நடுவில் ஐந்து நிமிடம் மணமக்களே கீழே இறங்கி வந்து ஆசி வாங்கினால் அதைவிட அழகான காட்சி அந்த மாலையில் வேறு இருக்காது.

சாப்பாடு. ஒரு பந்தியில் 200 பேர், இலை எடுத்து மேசை துடைத்து அடுத்த பந்தி உட்கார முக்கால் மணி நேரம் என்றால், 600 பேருக்கு மூன்று பந்தி, இரண்டேகால் மணி நேரம். ஏழு மணிக்கே முதல் பந்தி தொடங்கினால்தான் தள்ளுமுள்ளு இருக்காது. சமையல் மாஸ்டரிடம் ‘ராத்திரி சாப்பாடு’ என்று மட்டும் சொல்லாமல் மணியையும் சொல்லிவிடுங்கள்.

இனி பாட்டுக்கு வருவோம். நான் அதிகம் கவலைப்படுவது சத்தத்தைப் பற்றித்தான், இசைக்குழுவில் இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன். வரவேற்பு என்பது பத்து வருடமாகப் பார்க்காத சிநேகிதரும் அக்காள் தங்கைகளும் சந்திக்கும் இடம். இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசும் சத்தம் சுமார் 60 டெசிபல். ஆர்கெஸ்ட்ரா பாக்ஸ் முன்வரிசையைப் பார்த்துத் திரும்பியிருந்தால் அங்கே 95-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். பாதிப்பேர் வெளியே வாசலில் போய் நின்று பேசுவார்கள், மற்றவர்கள் காதருகே கத்துவார்கள். மேடையின் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய பாக்ஸ் வைப்பதைவிட, மண்டபத்தின் நீளத்துக்குச் சிறிய பாக்ஸ்களாகப் பிரித்து, சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். கடைசி வரிசைக்கும் கேட்கும், முன்வரிசைக்கும் வலிக்காது. ஒலிச்சோதனையை ஐந்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். அந்த நேரத்தில் குடும்பத்தில் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பார்க்கட்டும். பேச முடிந்தால் சத்தம் சரி.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் அதைப் பயன்படுத்தக் கூடாது. மூடிய மண்டபத்துக்குள் விலக்கு உண்டு, ஆனால் சத்தம் வெளியே போகக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல், இரவில் 45. புல்வெளி வரவேற்பு, மொட்டைமாடி வரவேற்பு என்று திட்டமிடுபவர்கள் பத்து மணியைக் கடைசிப் பாட்டின் நேரமாக இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

பாட்டுக்கான உரிமத் தொகை கட்டச் சொல்லி மண்டபத்தில் கேட்டால் பதற வேண்டாம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1)(இசட்ஏ), திருமண ஊர்வலத்துக்கும் திருமணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களுக்கும் விலக்கு அளிக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசே இதைத் தெளிவுபடுத்தி அறிவிப்பு வெளியிட்டது.

பாட்டுகளின் வரிசையில் நடக்கும் தவறு வேறு மாதிரியானது. ஏழு மணிக்கே குத்துப்பாட்டில் தொடங்கிவிட்டு, இளைஞர்கள் ஆட வரும் ஒன்பது மணிக்குக் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பது. முதலில் பிள்ளையார் பாட்டு, அப்புறம் ஒரு மணி நேரம் பழைய மெலடி அல்லது பாட்டே இல்லாத கருவியிசை, எட்டேகால் வாக்கில் கொஞ்சம் வேகம், வரிசை குறைந்தபிறகு ஆட்டம். மெட்டு இனிமையாக இருக்கிறது என்று பிரிவைப் பாடும் பாட்டைக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். பாடகர் சொற்களை உச்சரிக்கும்போதுதான் முன்வரிசை முகங்கள் மாறும். அதனால் பட்டியலை வரிகளோடு படித்துப் பாருங்கள். வேண்டிய பாட்டுகளை எழுதித் தருவதுபோல, வேண்டாத பாட்டுகளையும் ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுங்கள். எங்களுக்கு அது பெரிய உதவி.

மணமக்கள் நுழையும் பாட்டு, தம்பி தங்கைகளின் நடனப்பாட்டு எல்லாம் பென் டிரைவில் முதல் நாளே வந்துவிட வேண்டும். செல்போனில் இருந்து ஓட்டினால், சரியாகப் பெண் வாசலில் கால் வைக்கும்போது விளம்பரமோ அழைப்போ குறுக்கே வரும். வீட்டுப் பிள்ளைகள் பாட ஆசைப்பட்டால் ஏழரைக்குள் பாட வையுங்கள், சுருதியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவசரமாக மைக்கைக் கொடுத்துப் பிள்ளையைத் திணற வைக்கக் கூடாது.

நாதஸ்வரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கோயில் வீதியில் ஊர் முழுக்கக் கேட்பதற்கென்று உருவான வாத்தியம் அது. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்கிறார்கள், 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதையும் தவிலையும் தாழ்ந்த கூரை உள்ள ஏசி ஹாலில் மைக் வைத்துப் பெரிதாக்குவது, வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் செய்யும் அநியாயம். மைக் இல்லாமல் வாசலிலோ முன்மண்டபத்திலோ உட்கார வைத்தாலே போதும். ஆறிலிருந்து ஏழு வரை மேளம், ஏழுக்குமேல் மெல்லிசை என்று நேரத்தைப் பிரித்துவிடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்துக்கு வரச்சொன்னால் மேளக்காரர்கள் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் பாட்டு முடியக் காத்திருப்பார்கள். அந்த நிலையில் அவர்களைப் பார்க்கும்போது எனக்கு வாசிக்கவே கை வராது. மறுநாள் நாலரைக்குக் கெட்டிமேளம் கொட்ட வேண்டியவர்களும் அவர்கள்தான். அவர்களை எட்டு மணிப் பந்தியிலேயே உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்லி, படுக்க ஓர் அறையும் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவையும் ஒரே தாளில் எழுதி ஐந்து பிரதி எடுங்கள்: சமையல் மாஸ்டர், போட்டோகிராபர், மேளக்காரர், ஆர்கெஸ்ட்ரா தலைவர், மண்டப மேலாளர். மணிப்படி இதை நடத்த ஒருவரை வையுங்கள். பெண்ணின் அப்பாவோ மாப்பிள்ளையின் அண்ணனோ வேண்டாம், அவர்கள் வந்தவர்களை வரவேற்க வேண்டும். விஷயம் தெரிந்த ஒரு மாமாவோ, கண்டிப்பான ஒரு சித்தியோ போதும். ஒன்பதரை ஆனதும் அவர் எங்கள் பக்கம் திரும்பிக் கை காட்டினால், நாங்கள் மெதுவான ஒரு பாட்டுக்கு இறங்கிவிடுவோம். மணமக்கள் சாப்பிடப் போகலாம்.