மதுரைல இருந்து போடிமெட்டுக்கு ஸ்போர்ட்ஸ் கார ஓட்டிட்டுப் போறது எப்படி

மச்சான் ஒரு பழைய போர்ஷே பாக்ஸ்டர செகண்ட் ஹேண்ட்ல வாங்கி கோயம்புத்தூர்ல வச்சிருக்கான். மேனுவல் கியர், ரெண்டே சீட்டு, கூரைய தெறந்துக்கலாம். வருசத்துக்கு ரெண்டு தடவ மதுரைக்கு கொண்டு வருவான், வந்தா சாவி எங்கிட்ட வந்துரும். எனக்கு சொந்தமா இருக்கது ஒரு ஸ்விஃப்ட்டுதேன். ரெண்டுலயும் போடிமெட்டு மலை ஏறி எறங்கிருக்கேங்கற தைரியத்துல எழுதுறேன். வேகமா போறதுக்கு வழி கேட்டு வந்திருந்தா இது உங்களுக்கு இல்ல, மலைல 40ல போனாலே இந்த மாதிரி வண்டி குடுக்குற சந்தோசம் முழுசா கெடைச்சுரும், கையும் காலும் ஒழுங்கா வேலை செய்யணும், அம்புட்டுதான்.

மொத நாளே டயர பாருங்க. பட்டன் நல்லா இருக்குன்னு விட்றாதீங்க, இந்த வண்டியெல்லாம் ஓடுறதவிட ஷெட்டுல நிக்கறதுதான் அதிகம், பட்டன் தேயாது ஆனா ரப்பர் கெட்டியாயிரும். டயர் ஓரத்துல ஒரு நாலு நம்பர் இருக்கும், 2316ன்னு இருந்தா 2016ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். ரொம்ப பழசுன்னா மலைக்கு வேணாம். காத்து காலைல வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாம இருக்கப்ப பாக்கணும். முன்னாடி ஒரு அளவு பின்னாடி ஒரு அளவு, வண்டில ஸ்டிக்கர்ல போட்டிருப்பாய்ங்க. பங்க்குல காத்தடிக்கிற தம்பி நாலுக்கும் 32ன்னுவாரு, கேக்காதீங்க.

அடுத்து பிரேக் ஆயில். அது காத்துல இருக்க ஈரத்த கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கும், தண்ணி சேந்த ஆயில் எறக்கத்துல சீக்கிரம் கொதிச்சுரும், கொதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிரும். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்திருங்க.

போடி வரைக்கும் 90 கிலோமீட்டர்கிட்ட வரும். காளவாசல்ல இருந்து கெளம்பி செக்கானூரணி தாண்டுற வரைக்கும் 3000 ஆர்பிஎம்முக்கு மேல போகாதீங்க, இன்ஜின் தண்ணி சூட்டக் காட்டுற முள்ளு சீக்கிரம் நடுவுக்கு வந்துரும் ஆனா ஆயில் சூடாக இன்னும் நேரமாகும். வண்டி தாழ்வா இருக்கதால ஸ்பீடு பிரேக்கருதான் பெரிய தலைவலி. நேரா ஏறுனா முன் பம்பரோட உதடு தட்டும், இல்லன்னா நடு வயிறு ஒரசும். அதனால பின்னாடி வண்டி வரலைன்னு பாத்துட்டு கோணலா ஏத்துங்க, ஒவ்வொரு சக்கரமா ஏறி எறங்கட்டும். உசிலம்பட்டிகிட்ட நான் இப்படி பைய ஏத்திட்டு இருக்கப்ப டீக்கடைல இருந்து நாலு பேரு வந்து குனிஞ்சு அடில பாத்து "ஏறிரும்ணே, வாங்க வாங்க"ன்னு வழி காட்டுனாய்ங்க. அந்த மாதிரி ஆள் கெடைச்சா வேணாம்னு சொல்லாதீங்க.

கூரைய தேனிலயே தெறந்துராதீங்க, வெயில் மண்டைய பொளந்துரும். முந்தல் தாண்டி ஏத்தம் ஆரம்பிக்கிற எடத்துல ஓரமா நிறுத்தி தெறங்க. அங்க இருந்து 17 கொண்டை ஊசி வளைவு. காலைல ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏத்திட்டு ஜீப்பெல்லாம் வரிசையா ஏறும், சாயங்காலம் அதே ஜீப்பு எறங்கும், அந்த நேரத்த விட்டுட்டு 10 மணிக்கு மேல ஏறுங்க. அந்த ஜீப் டிரைவருங்க தெனமும் ஓட்டுறவுங்க, அவுங்ககூட போட்டிக்கு போனா அசிங்கப்படுறது நீங்கதான்.

இப்ப வளைவுக்கு வருவோம். வளைவுக்கு முன்னாடி, ஸ்டியரிங் நேரா இருக்கப்பவே பிரேக் அடிச்சு முடிச்சுரணும். அப்பறம் செகண்ட் கியர். அப்பறம் பிரேக்க விட்டுட்டே ஸ்டியரிங்க ஒரே வாக்குல திருப்பணும். பாதி வளைவு வரைக்கும் ஆக்ஸிலேட்டர் மேல கால் சும்மா பட்டாப்ல இருக்கட்டும். ரோடு தெறந்து தெரியறப்ப, ஸ்டியரிங் நேராக நேராக ஆக்ஸிலேட்டர அமுக்கிட்டே போங்க. அப்ப முதுகுக்கு பின்னாடி இருந்து அந்த ஆறு சிலிண்டர் சத்தம் வரும் பாருங்க, மலைல பட்டு திரும்பி வரும், அதுக்குத்தான் இம்புட்டு பாடும்.

இந்த வண்டில இன்ஜின் சீட்டுக்கு பின்னாடி, பின் சக்கரத்துக்கு முன்னாடி இருக்கு. வெயிட்டெல்லாம் நடுவுல இருக்கதால மூக்கு சட்டுனு திரும்பும். போர்ஷேக்காரய்ங்க இத 1953லயே 550 ஸ்பைடர்ல பண்ணிட்டாய்ங்க. 1956ல இத்தாலிப் பக்கம் சிசிலி தீவுல டார்கா ஃப்ளோரியோ ரேஸு, ட்ராக்கெல்லாம் கெடையாது, ஊருக்குள்ள பூந்து போற மலை ரோடு, ஒரு சுத்து 72 கிலோமீட்டர், மொத்தம் 10 சுத்து. உம்பெர்ட்டோ மாக்லியோலி 550ஏ வண்டில கிட்டத்தட்ட 8 மணி நேரம் ஒத்த ஆளா ஓட்டி ஜெயிச்சாரு, இன்ஜின் வெறும் ஒன்றரை லிட்டர்தான், பெரிய இன்ஜின் போட்ட மாசராட்டி, ஃபெராரியெல்லாம் பின்னாடி வந்துச்சு. பிரேக்கு, ஸ்டியரிங்கு, ஆக்ஸிலேட்டருன்னு இதே வரிசைய அந்தாளு அன்னைக்கு எத்தன ஆயிரம் தடவ பண்ணிருப்பாருன்னு ஆறாவது வளைவுல உங்களுக்கே தோணும்.

நம்ம பக்கமும் கத ஒண்ணும் கொறைச்சல் இல்ல. சென்னை பக்கம் சோழவரம் ஏர்ஸ்ட்ரிப்ல ரேஸ் பாத்தவுங்க இன்னைக்கும் அதப் பேசுவாங்க. கோயம்புத்தூர்ல ரேஸ்காரர் கரிவர்தன் மாருதி 800 இன்ஜின வச்சே ஃபார்முலா மாருதின்னு ரேஸ் கார் கட்டுனாரு. அதே ஊர் நரேன் கார்த்திகேயன் 2005ல ஃபார்முலா ஒன்னுக்கே போனாரு. 2025 ஜனவரில அஜித் டீம் துபாய் 24 மணி நேர ரேஸ்ல அவுங்க கிளாஸ்ல மூணாவது வந்தப்ப எங்க தெருவுல வெடி போட்டாய்ங்க, வெடி போட்டதுல பாதிப் பேருக்கு கியர் வண்டி ஓட்டத் தெரியாது, அது வேற விசயம்.

கியர் கொறைக்கறதுல ஒரு வித்தை இருக்கு, ஹீல் அண்ட் டோம்பாங்க. பேரு குதிகால்னு இருந்தாலும் குதிகாலு தேவையில்ல. வலது காலோட பெருவிரல் பக்கம் பிரேக்க அமுக்கிட்டு இருக்கப்பவே, பாதத்தோட வெளி ஓரத்த சாச்சு ஆக்ஸிலேட்டர ஒரு தட்டு தட்டணும், எடது கால் கிளட்ச்ல. இன்ஜின் சுத்தறது கூடி செகண்ட் கியருக்கு சரியா வந்து நிக்கும், கிளட்ச்ச விடறப்ப வண்டி குலுங்காது. தட்டாம விட்டா பின் சக்கரம் ரெண்டும் ஒரு வெட்டு வெட்டும், ஈர ரோட்டுல அந்த வெட்டே வழுக்கறதுக்கு போதும். வீட்டு வண்டில, ஆளில்லாத நேர் ரோட்டுல ஒரு வாரம் பழகுங்க. நான் ஸ்விஃப்ட்டுலதான் பழகுனேன், மொத மூணு நாள் எம் பொண்டாட்டி பக்கத்துல உக்கார மாட்டேன்னுட்டா.

செய்யக்கூடாத ஒண்ணு, வளைவுக்கு நடுவுல பயந்து ஆக்ஸிலேட்டர பட்டுனு விடறது. விட்ட உடனே வெயிட்டு முன்னாடி சாயும், பின்னாடி லேசாயிரும், வாலு வெளிய போகும். இது நான் பட்ட பாடு. பதினொன்னாவது வளைவுன்னு நெனைக்கிறேன், தூறல், அந்த பழைய டயரு, எதுத்தாப்ல திடீர்னு ஒரு ஜீப்பு. கால எடுத்துட்டேன், பிரேக்கும் அடிச்சுட்டேன். வண்டி பாதி சுத்தி தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னாடி நின்னுச்சு. ஜீப்ல இருந்த அக்கா ஒருத்தவுங்க எட்டிப்பாத்து "வெல கூடுன வண்டி போலயே தம்பி, வழுக்குமா"ன்னு கேட்டாங்க. மச்சான் ஊருக்குப் போற வரைக்கும் அதையே சொல்லிட்டு இருந்தான். அடுத்த வாரமே டயர மாத்திட்டோம்.

ரேஸ்ல ரோடு முழுசையும் பிடிச்சு வெளிய இருந்து உள்ள வந்து திரும்ப வெளிய போவாய்ங்க. இங்க உங்களுக்கு இருக்கது எடது பாதி மட்டும்தான், அதுக்குள்ளயே முடிச்சுக்கங்க. முன்னாடி தெரியாத வளைவுல ஹாரன் அடிங்க. பஸ்ஸோ லாரியோ திரும்புதுன்னா அதுக்கு ரோடு பூரா வேணும், முன்னாடியே நின்னுருங்க.

எறங்கறப்ப எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர், நியூட்ரல் கூடவே கூடாது. பிரேக்க தேச்சுக்கிட்டே வராம அழுத்தி அடிச்சு விடுங்க, நடுவுல அது ஆறட்டும். முந்தல் வந்ததும் அப்பாடான்னு நிறுத்தி ஹேண்ட்பிரேக் இழுக்காதீங்க, டிஸ்க் கொதிச்சுட்டு இருக்கும். பிரேக் தொடாம பைய உருட்டிட்டு போடிக்கு வந்து, கியர்ல போட்டு நிறுத்திட்டு டீ குடிங்க. எங்க கணக்குல டீ மச்சான் செலவு, பெட்ரோல் என் செலவு.