விசுவாச வாழ்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: அட்டையில் அச்சிடாத பத்தாம் வசனம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வீடு திரும்பும்போது பலருடைய கையிலும் ஒரு சிறிய அட்டை இருக்கும். புது வருட வாக்குத்தத்தம், அதாவது அந்த ஆண்டுக்கென்று கொடுக்கப்படும் வேத வசனம். எரேமியா 29:11 அதில் அடிக்கடி வருகிற வசனம். உங்களைப் பற்றிய என் நினைவுகள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை என்று கர்த்தர் சொல்கிற இடம் அது. அட்டையை பீரோ கதவில் ஒட்டிவைக்கிறோம். மார்ச் மாதம் வந்தும் வேலை அமையவில்லை, வரன் கூடிவரவில்லை என்றால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே மனம் வலிக்கிறது.

வசனத்துக்கு நாமாகவே ஒரு கெடு வைத்துவிட்டோம் என்பதுதான் இங்கே நேர்ந்த தவறு. அட்டையில் இடம்பெறாத பத்தாம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். பாபிலோனில் 70 ஆண்டுகள் நிறைவேறிய பிறகு உங்களைத் திரும்பி வரச்செய்வேன் என்கிறது அது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதிய கடிதம் இது. அதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் எருசலேமை மறுபடி பார்த்திருக்க முடியாது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவன் எல்லாம் இரண்டே ஆண்டுகளில் சரியாகிவிடும் என்று அறிவிக்கிறான். கேட்க இனிமையான செய்திதான், ஆனால் பொய்.

அப்படியானால் அந்த 70 ஆண்டுகளும் என்ன செய்வது? ஐந்தாம் வசனத்திலிருந்து பதில் இருக்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடித்துவையுங்கள், குடியிருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். பொறுமை என்றால் கைகட்டி உட்கார்ந்திருப்பது என்று நினைத்திருந்த என்னை மாற்றியது இந்தப் பகுதிதான். வேலைக்காகக் காத்திருப்பவர் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். அது அவருடைய தோட்டம்.

பதில் தாமதமானால் கர்த்தர் நம்மேல் கோபமாயிருக்கிறார் என்று முடிவு கட்டுவதும் இதோடு ஒட்டிய தவறு. ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75. வாக்களிக்கப்பட்ட மகன் ஈசாக்கு பிறந்தபோது 100. யோசேப்பு கனவு கண்டது 17 வயதில், பார்வோன் முன் நின்றது 30 வயதில். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்கள் கைவிடப்பட்டிருக்கவில்லை.

இனி நான் சொல்லப்போவது என் மனதை மிகவும் வருத்திய ஒன்று. என் தாயார் நோயில் கிடந்தபோது பார்க்க வந்த ஒருவர், “விசுவாசம் இருந்தால் இந்நேரம் எழுந்து நடந்திருப்பீர்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அதன்பிறகு அம்மா வலிக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. ஜெபத்தில்கூடச் சொல்லப் பயந்தார். நோயாளியின் வாயிலிருந்து முறையீட்டைப் பிடுங்கிவிடுகிற பேச்சு அது. வேதமோ அந்த முறையீட்டுக்கு இடம் கொடுத்திருக்கிறது. 13ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களிலேயே “எதுவரைக்கும்” என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. 88ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது. கடைசியில் ஒரு ஸ்தோத்திர வரிகூட இல்லை. அதை நான் அம்மாவுக்கு மெதுவாக வாசித்துக் காட்டியபோது, “இப்படியும் ஜெபிக்கலாமா?” என்று கேட்டார். ஜெபிக்கலாம். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் காரணம் சொல்லாமல் கஞ்சி கொண்டுபோகலாம். கேட்டால் ஒரு சங்கீதம் வாசிக்கலாம். கொஞ்ச நேரம் பேசாமல் பக்கத்தில் இருக்கலாம்.

உடம்பின் களைப்பை ஆவிக்குரிய வீழ்ச்சி என்று எண்ணிக் குமைகிறவர்களும் உண்டு. 1 இராஜாக்கள் 19இல் தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவை வேண்டுகிறார். தூதன் வந்து கடிந்துகொள்ளவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்புகிறான். எலியா சாப்பிட்டுத் திரும்பவும் தூங்குகிறார். மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். கர்த்தர் எலியாவோடு பேசிய அந்த மெல்லிய சத்தம் எல்லாம் அதற்குப் பிறகுதான். இரவு வேலை பார்த்துவிட்டு வருகிறவர் அதிகாலை ஜெபத்தில் தூங்கி விழுந்தால், முதலில் தூங்கட்டும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவே கூடாது.

வேலை செய்ய முடியாமல் படுத்துவிட்டால் ஊழியமும் போயிற்று என்று கலங்குகிறவர்களுக்கு டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேலை நினைவூட்டுவேன். 1931இல் கீழே விழுந்து அடிபட்டவர், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். எழுதினார், ஜெபித்தார், வந்து பார்த்தவர்களோடு பேசினார்.

வேதவாசிப்பைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. 66 புத்தகங்களில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஒரே ஆண்டில் முடிக்க நாளுக்கு மூன்று நான்கு அதிகாரங்கள் வேண்டும். முடிகிறவர்கள் செய்யட்டும். பலர் ஆதியாகமத்தை ஆவலோடு தொடங்கி, லேவியராகமத்தில் நின்று, விட்ட நாட்களின் கடனை எண்ணிப் பயந்து புத்தகத்தையே மூடிவிடுகிறார்கள். விட்டதைத் துரத்த வேண்டாம். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரங்கள்தான். நாளுக்குப் பத்து வசனம் போதும். பிடித்த வசனத்தை மறுநாளும் வாசித்தால் யாரும் கணக்குக் கேட்கப்போவதில்லை.

குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளை வாட்டுவதும் வேண்டாம். ஒரு பாட்டு, சில வசனங்கள், ஆளுக்கு ஒரு வரி ஜெபம். பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். அந்த நேரத்தில் அப்பாவோ அம்மாவோ, “இன்று உன்னிடம் கோபமாகப் பேசிவிட்டேன், மன்னித்துக்கொள்” என்று பிள்ளையிடம் சொன்னால், அன்றைக்கு நீண்ட பிரசங்கம் தேவைப்படாது. சின்னவன் நடுவிலேயே தூங்கிவிட்டால் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்க வையுங்கள்.