ஏசி தண்ணீரில் வாழும் ஊட்டிச் செடி

ஊட்டியிலிருந்து மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த ஹைட்ரேஞ்சியா என்ற பூச்செடியை மொட்டை மாடியில் செம்பருத்திக்குப் பக்கத்தில் வைத்தேன். மத்தியானம் துணி எடுக்கப் போனால் இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி தொங்குகிறது. பதறிப்போய் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். தினமும் இதே கதை. பத்தே நாளில் வேர் அழுகிப் போனது.

இரண்டாவது செடி சென்னை நங்கநல்லூரில் எங்கள் பால்கனியில் மூன்று வருடமாக இருக்கிறது. ஜப்பான், கொரியா மலைக்காடுகளில் மரநிழலில் வளர்கிற குடும்பம் இது. அதனால் காலை ஒன்பது மணி வரைக்கும் வெயில் போதும். கத்திரியில் அதுவும் வேண்டாம். பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் செம்மண், தென்னை நார்த்தூள், மண்புழு உரம் மூன்றையும் சமமாகக் கலந்து நட்டேன்.

தண்ணீரில்தான் எல்லாமே இருக்கிறது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. இரண்டே வாரத்தில் இலை ஓரம் கருகிவிடும். ஏசி குழாயில் சொட்டும் தண்ணீரில் உப்பே இல்லை. கீழே வாளி வைத்துப் பிடித்து அதைத்தான் ஊற்றுகிறேன். மழைக்காலத்தில் மழைநீர். இலை தொங்கினால் உடனே ஊற்றாதீர்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் சாயங்காலம் தானே நிமிர்ந்துவிடும்.

நிறம் மண்ணைப் பொறுத்தது. புளிப்பு (அமில) மண்ணில் அலுமினியம் எளிதாகக் கரைந்து வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். சுண்ணாம்பு மண்ணில் ரோஜா நிறம். நீலம் வேண்டுமானால் மொட்டு வருவதற்கு முன்பே லிட்டருக்கு அரை ஸ்பூன் படிகாரத்தூள் கரைத்து மாதம் ஒருமுறை ஊற்றலாம். வெள்ளை ரகம் மட்டும் எதற்கும் மசியாது.

ரோஜாவைப் போல ஒட்ட வெட்டிவிடாதீர்கள். அடுத்த பூவுக்கான மொட்டு பழைய தண்டின் நுனியில்தான் உருவாகும். வாடிய பூங்கொத்தை மட்டும், அதற்குக் கீழே இருக்கும் முதல் தடித்த மொட்டு ஜோடிக்கு மேலே கிள்ளுங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மொட்டு விரிய ஆறு வாரமாவது பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கும் கீழே குளிர் வேண்டும். நம்ம ஊர் மார்கழிக்கு அது முடியாத காரியம். "ஃபிரிட்ஜில் வையேன்" என்றார் வீட்டுக்காரர். தொட்டி உள்ளே போகவில்லை. வாங்கிய வருடம் பூத்ததோடு சரி, இப்போது வெறும் இலைச் செடிதான். எனக்கு அதுவே போதும். பூதான் வேண்டும் என்பவர்கள் பாதி விரிந்த மொட்டுள்ள தொட்டியாகப் பார்த்து வாங்குங்கள், ஒரு மாதம் போல நிற்கும்.

இலை கொட்டிவிட்டால் தூக்கிப் போடாதீர்கள். குளிர்காலத்தில் இலை உதிர்ப்பது இதன் சுபாவம். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.