கிரேக்கத் தொன்மைத் தலங்களை வழிகாட்டியுடன் காண்பது எப்படி?

குமரி மாவட்டத்திலிருந்து கிரேக்க நாட்டுக்குச் செல்ல விரும்புவோர், திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, வளைகுடா நகரொன்றில் மாறி ஏதென்சை அடையலாம். கிரேக்கம் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களே உகந்தவை. கோடையில் வெயில் கடுமையானால் நண்பகலில், ஏதென்சின் குன்றுக்கோட்டையான அக்ரோபோலிசையே மூடிவிடுவதுண்டு.

சுற்றுலாவைப் பதிவு செய்யுமுன், வழிகாட்டி அரசு உரிமம் பெற்றவரா, நுழைவுச்சீட்டும் கட்டணத்தில் அடங்குமா, குழுவில் எத்தனை பேர் வருவார்கள் என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அக்ரோபோலிசுக்கு நேரம் குறித்த சீட்டே வழங்கப்படுவதால், காலையின் முதல் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்துக்குச் சீட்டு தனி.

சுசீந்திரத்து இசைத்தூண்களின் அருமை, அறிந்தவர் ஒருவர் அருகில் நின்று விளக்கும்போதுதான் முழுமையாகப் புலப்படும், கி.மு. 447இல் கட்டத் தொடங்கிய, அக்ரோபோலிஸ் மேலுள்ள பார்த்தெனான் கோயிலும் அப்படித்தான். அதன் அடித்தளத்தின் மேல்மட்டப் படிக்கட்டின் ஒரு முனையில் குனிந்து நீளவாக்கில் பார்த்தால், நேர்க்கோடாகத் தோன்றிய கல்வரிசை நடுவில் மெல்ல மேலெழுவது தெரியும். தூண்களும் சற்றே உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. புராணக் கதைகளோடு நிறுத்திக்கொள்ளும் வழிகாட்டியிடம், இதைக் காட்டுமாறு தயங்காமல் கேளுங்கள். தேய்ந்த சலவைக்கல் வழுக்கும் என்பதால் பிடிப்புள்ள காலணி அவசியம்.

பண்டைக் குறிசொல்லும் தலமான டெல்ஃபிக்கு ஏதென்சிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பலாம். பழங்கோட்டை நகரான மைசீனியையும் பழைய நாடக அரங்கு உள்ள எபிடாரசையும் சேர்த்து மற்றொரு நாளில் காணலாம். எபிடாரஸ் அரங்கின் உச்சி வரிசையில் அமர்ந்து, கீழே நடுவில் நிற்பவர் பேசுவதைக் கேட்கத் தவறாதீர்கள். பண்டை ஒலிம்பிக் போட்டிகள் நடந்த ஒலிம்பியா தொலைவில் இருப்பதால், அங்கே ஓர் இரவு தங்கும் வகையில் திட்டமிடுங்கள்.