ஆழமா, அகலமா? மென்பொருள் வேலையில் வழி தேர்பவர்கள் செய்யும் தவறுகள்

ஒரே துறையில் ஆழமாக இறங்குவதா, பலவற்றையும் அகலமாகக் கற்றுக்கொள்வதா என்பது மென்பொருள் வேலையில் எல்லோருக்கும் வரும் கேள்வி. இதில் கருவியின் பெயரையே நிபுணத்துவம் என்று நினைத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. ஒரு காலத்தில் "நான் ஃபிளாஷ் டெவலப்பர்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். இணையப் பக்கங்களில் அசைவூட்டம் காட்ட உதவிய அந்த ஃபிளாஷை நிறுத்தப்போவதாக அதன் நிறுவனமான அடோபி 2017இல் அறிவித்தது. 2020 டிசம்பர் 31உடன் கதை முடிந்தது. அசைவூட்டத்தின் கணக்கும் உலாவி திரையை வரையும் விதமும் புரிந்தவர்களுக்கு உலாவியிலேயே ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு மாற வழி இருந்தது. மெனுவில் எது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அறிந்தவர்களுக்கு அது இல்லை.

அதற்காகப் பழையதெல்லாம் செத்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். கோபால் (COBOL) 1959இல் பிறந்த கணினி மொழி. 2020 ஏப்ரலில், வேலையிழந்தோர் உதவித்தொகை விண்ணப்பங்கள் குவிந்து, கோபாலில் ஓடிய அரசின் பழைய கணினிகள் திணறியபோது, கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வரவேண்டும் என்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில அப்போதைய ஆளுநர் ஃபில் மர்ஃபி வெளிப்படையாகக் கேட்டார். தன்னார்வலர்களாக வரச் சொன்னார் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். கிராக்கி வேறு, சம்பளம் வேறு.

ஆழம் என்றால் என்ன? ஓர் உதாரணம்: லாகின் பக்கம் திணறுகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் மின்னஞ்சல் நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அகரவரிசைப் பட்டியல் போன்றது) இருக்கிறது, ஆனாலும் மெதுவாகத்தான் ஓடுகிறது. மேலோட்டமாகத் தெரிந்தவர் சர்வரைப் பெரிதாக்கச் சொல்வார். ஆழத் தெரிந்தவர் வினவல், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி, எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் கட்டளையை ஓட்டிப் பார்ப்பார். வினவலில் மின்னஞ்சலைச் சிறிய எழுத்துக்கு மாற்றித் தேடுகிறார்கள். அதனால் சாதாரண இண்டெக்ஸ் பயன்படாமல் அட்டவணை முழுவதும் படிக்கப்படுகிறது. மாற்றிய வடிவத்துக்கே ஓர் இண்டெக்ஸ் போட்டால் தீர்ந்தது. ஒரே வரி. இந்த அறிவு நாளைக்கு வேறு தரவுத்தளத்துக்குப் போனாலும் கூடவே வரும்.

அடுத்தது, அலைக்கழிப்பை அகலம் என்று எண்ணுவது. சேவை நிறுவனங்களில் பெஞ்சிலிருந்து, அதாவது பிராஜெக்ட் இல்லாமல் காத்திருக்கும் நிலையிலிருந்து, எந்தப் பிராஜெக்ட் கிடைக்கிறதோ அதற்கு அனுப்புவார்கள்: ஆறு மாதம் டெஸ்டிங், பிறகு ஜாவா, பிறகு இரவுநேர சப்போர்ட். ரெஸ்யூமேயில் பதினைந்து தொழில்நுட்பங்கள் வரிசையாக நிற்கும். திரையில் ஒரு பொத்தானை வைப்பதில் தொடங்கி, அதை அழுத்தினால் தரவுத்தளத்தில் பதிவு சேரும்வரை தனியாக எழுதி, சர்வரில் ஏற்றி, பழுதானால் தானே சரிசெய்பவரைத்தான் பல்துறைக்காரர் என்று நான் ஒப்புக்கொள்வேன். ஃபுல் ஸ்டாக் (திரை முதல் தரவுத்தளம் வரை எல்லாம் தெரியும் என்னும்) சான்றிதழ்களை இங்கே கணக்கில் எடுக்கவில்லை.

முதல் இரண்டு வருடத்திலேயே முடிவெடுப்பதும் அவசரம். நம்மை எது சலிக்காமல் இழுக்கிறது என்பது அதற்குள் தெரியாது.

நிறுவனத்தின் அளவைப் பார்க்காமல் முடிவு செய்வதும் நடக்கிறது. ஐந்து பேர் உள்ள இடத்தில் தரவுத்தளத்தை மட்டும் பார்ப்பேன் என்றால் பிழைக்க முடியாது. ஆயிரம் பேர் உள்ள இடத்தில் எல்லாவற்றையும் தொட விடமாட்டார்கள். நேர்காணலில் இதை நேராகவே கேட்கலாம்: "நள்ளிரவில் சர்வர் விழுந்தால் இங்கே யார் எழுவார்கள்?" தனிக் குழுவின் பெயரைச் சொன்னால் அங்கே ஆழத்துக்கு இடமுண்டு. "எல்லோரும்தான்" என்று சிரித்தால், அகலம் தானாக வந்துவிடும், தூக்கம்தான் வராது.